குறுக்கே ஒரு கோடு

கேஸ் டைரி எழுதும் பொறுப்பு கொழுந்தனுடையது. அன்று காலை பத்து மணிக்குப் போனில் வந்த கேஸை அவன் இப்படிப் பதிவு செய்திருந்தான்: ‘கட்சிக்காரர் ஒரு மெக்கானிக். போர் அடிக்கவில்லை. அதனால் மனைவி பிரிந்து போய்விட்டார்.’

அண்ணி அதைப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

“இதுல உனக்கு எதுவும் விசித்திரமாப் படலையா?”

“ரொம்பப் பட்டுச்சு அண்ணி. போர் அடிக்கிற புருஷனை விட்டுட்டுப் போனா நியாயம். போர் அடிக்காதவனையும் விட்டுட்டுப் போனா, ஆம்பளைங்க எங்கதான் போறது?”

“அது அந்தப் போர் இல்லடா. என்ஜின் போர். உள்ளே தேய்ஞ்சு கீறல் விழுந்த சிலிண்டரைக் கடைஞ்சு, வழவழன்னு ஆக்கறதுக்குப் பேரு போர் அடிக்கறது. அதைச் செய்யாம விட்டுட்டேன்னு அந்த மனுஷன் சொல்லியிருக்காரு.”

கொழுந்தன் டைரியை வாங்கி, ‘போர்’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘இயந்திர சம்பந்தமானது’ என்று எழுதிக்கொண்டான். கேஸின் கவர்ச்சி பாதியாகக் குறைந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அண்ணி என்பவள் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவள். ‘நான் சும்மாதான் நின்னேன், மரம்தான் வந்து மோதிச்சு’ என்று சொல்பவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கினாள். பொய் கேட்டுப் பழகிய காது சும்மா இருக்குமா? ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். கொழுந்தனோ ஐந்து வேலைகளைத் தன் வாயாலேயே தொலைத்தவன். ஆறாவது வேலை குடும்பத்துக்குள் அமைந்ததால் பிழைத்தான். அண்ணியால் அவனை ஆபீஸை விட்டுத் துரத்த முடியும், வீட்டை விட்டுத் துரத்த முடியாது.

“கிளம்பு” என்றாள் அண்ணி. “அந்தப் பொண்ணு சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுல வேற ஊருக்குப் போறாளாம். ஆபீஸ்ல மாற்றல் கேட்டு வாங்கிட்டாளாம். ஏறிட்டா அவ்வளவுதான், அப்புறம் திரும்ப மாட்டான்னு அழறாரு.”

“மணி பத்தரை. ஒரு கல்யாணத்தை ஒட்டவைக்க ஏழரை மணி நேரம். ஏழரைன்னாலே எனக்கு ஆகாது அண்ணி.”

“வாயை ஒட்டவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

பட்டறை ஒரு தகரக் கூரையும் மூன்று சுவர்களும் கொண்டது. நாலாவது சுவருக்குப் பதில் தெரு. மெக்கானிக் ஆள் பார்ப்பதற்கு பீரோ மாதிரி இருந்தார். குரல் மட்டும் பீரோவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லிசாக வந்தது. எண்ணெய் படிந்த நீல மேலங்கியில் கையைத் துடைத்தபடியே கதையைச் சொன்னார்.

வண்டி அவருடைய மாமனாருடையது. சின்ன லோடு வேன். மாமனார் முப்பத்தைந்து வருடமாக டிரைவர், மனைவி இறந்த பிறகு மகளும் அந்த வேனும்தான் அவருக்கு உலகம். போன மாதம் வேன் புகை கக்க ஆரம்பித்தது. என்ஜினைப் பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் கீறல்கள். போர் அடிப்பதுதான் முறை. மாமனார் சம்மதிக்கவில்லை.

“‘குறைஞ்ச செலவுல முடிங்க மாப்பிள்ளை, இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டப்போறேன்’னாரு. நானும் சுவரை லேசாத் தீட்டிவிட்டு, பிஸ்டனுக்குப் புது ரிங் மட்டும் போட்டுக் கொடுத்துட்டேன். தண்ணி உள்ள கசியாம அடைக்கிற கேஸ்கெட்கூட பழசே போதும்னு அவரே எடுத்துக் கையில கொடுத்தாரு, அதையே திருப்பி மாட்டினேன். மூணு வாரம் தினமும் லோடு அடிச்சாரு. போன வாரம் பாலத்து மேல, நட்ட நடுவுல, என்ஜின் இறுகி நின்னுடுச்சு.”

“உங்க மனைவி?”

“‘ஊரான் வண்டிக்கெல்லாம் போர் அடிக்கறீங்க, எங்கப்பா வண்டிக்கு மட்டும் சால்ஜாப்பா’ன்னு கேட்டா. அன்னைக்கே பெட்டியைக் கட்டி அப்பா வீட்டுக்குப் போயிட்டா.”

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்ல? போர் அடிக்கலையே. தப்பு என் மேலதான்னேன்.”

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “சார், குற்றவாளியே நீங்கதான்னு முடிவு பண்ணியாச்சுன்னா, எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? கைதட்டவா?”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். “தப்பு என்னுதுதான் தம்பி. ஆனா சரியா எந்தத் தப்புன்னு தெரிஞ்சா, அவகிட்ட ஒழுங்கா மன்னிப்பு கேட்கலாம் பாருங்க. பொதுவா கேட்டா அவளுக்குப் பிடிக்காது.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த மனிதருக்கு நெஞ்சு குறுகுறுப்பதற்குக் குற்றம் என்ற ஒன்று தேவையே இல்லை என்று கொழுந்தன் முடிவு செய்தான். அப்படி ஒருவரைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். என்னவோ வரவில்லை.

என்ஜின் மேசை மீது மேல்மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. வரிசையாக நாலு சிலிண்டர்கள், நாலு வட்டக் கிணறுகள். மெக்கானிக் டார்ச் அடித்தார். இரண்டாவது கிணற்றுச் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடின.

“இதுதான் நான் விட்டுவெச்ச கீறல். ஆழமா இல்லையான்னு பார்க்கறதுக்கு எங்க தொழில்ல பெரிய மெஷினெல்லாம் கிடையாது. நகம்தான். குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா போர் அடிச்சே ஆகணும். மாட்டலைன்னா பொழைச்சுக்கும்.”

கொழுந்தன் முந்திக்கொண்டான். விரலை உள்ளே விட்டுச் சுற்றினான். நாலு கிணற்றிலும் சுற்றினான். “எங்கயும் மாட்டல. நிரபராதி. அண்ணி, வாங்க போகலாம்.”

“மாட்டறதுக்கு உனக்கு நகம் எங்கடா இருக்கு?”

கொழுந்தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். ஐந்து வேலை போனதில் பத்து நகமும் பல்லுக்குப் போயிருந்தது. மெக்கானிக்கும் தன் கையை விரித்துக் காட்டினார். இரும்பிலேயே உரசி உரசி அவர் நகங்கள் சதையோடு சதையாகத் தேய்ந்திருந்தன. ஆக, நகத்தை நம்பி நடக்கும் சோதனைக்கு நகமில்லாத இரண்டு ஆண்கள் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

அண்ணி தன் சுட்டுவிரலை நீட்டினாள். இன்சூரன்ஸ் காலத்திலிருந்தே அந்த ஒரு நகத்தை மட்டும் அவள் வெட்டுவதில்லை. புதுப் பெயிண்ட் அடித்து மறைத்த பழைய அடிகளை அவளுக்குக் காட்டிக்கொடுத்த நகம் அது. நெடுக்கக் கோடுகளின் மீது வைத்துப் பக்கவாட்டில் இழுத்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

“மாட்டல. நீங்க விட்டுவெச்ச கீறல் உயிரோட பத்திரமா இருக்கு. அது யாரையும் கொல்லல.” விரலை மெல்ல மேலே இழுத்துக்கொண்டே வந்தவள், பாதி வழியில் நின்றாள். “இங்க மாட்டுது.”

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார் மெக்கானிக். சுவரைச் சுற்றி, குறுக்காக, செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. நாள்கணக்கில் தண்ணீர் நின்ற வாளியில் விழுமே, அந்த மாதிரி ஒரு வளையம்.

“கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துடுச்சு” என்றான் கொழுந்தன். “இது என்ன அண்ணி?”

“பிஸ்டன் எப்படிப் போகும்?”

“மேலயும் கீழயும்.”

“அப்போ ஓடற என்ஜின்ல கோடு எப்படி விழும்?”

“மேலயும் கீழயும்.”

“குறுக்க விழுந்திருக்கே?”

கொழுந்தன் வாயைத் திறந்தான். மெக்கானிக்கும் திறந்தார். முதலில் வார்த்தை வந்தது மெக்கானிக்குக்கு.

“துரு. பிஸ்டன் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு. ரிங் நின்ன இடத்துல தண்ணி கட்டித் துருப்பிடிச்சிருக்கு.”

“எத்தனை நாள் உட்கார்ந்தா இப்படிப் பிடிக்கும்?”

“ரெண்டு வாரம்... மூணு வாரம்.” அவர் குரல் இன்னும் மெலிந்தது. “நான் தீட்டின தடமெல்லாம்கூட அப்படியே புதுசா இருக்கு. ஓடியிருந்தா கொஞ்சமாவது தேய்ஞ்சிருக்கும். இந்த வண்டி ஓடவே இல்ல.”

“கிலோமீட்டர் கணக்கு?”

“அந்த முள்ளு செத்து ஏழு வருஷமாச்சு மேடம். குறைஞ்ச செலவுல...”

“புரியுது. தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?”

“பழைய கேஸ்கெட் வழியாக் கசிஞ்சிருக்கும். ஓட்டியிருந்தா ரெண்டாம் நாளே வெள்ளைப் புகை வந்திருக்கும், மாமா நேரா இங்க கொண்டுவந்திருப்பாரு. நிறுத்தியே வெச்சதால சத்தமில்லாம ஊறியிருக்கு.” சட்டென்று அவர் முகம் வாடியது. “அப்படிப் பார்த்தா கேஸ்கெட்டும் என் தப்புதானே?”

“அண்ணி, இவருக்கு ஒரு தப்பைக் கையில கொடுத்துட்டுத்தான் நாம வீட்டுக்குப் போகணும். இல்லேன்னா ராத்திரி தூங்கமாட்டாரு.”

அண்ணி சிரிக்கவில்லை. “வேற யாரோட வண்டியா இருந்தாலும் இந்தக் கோட்டை நீங்க ஒரு நிமிஷத்துல பிடிச்சிருப்பீங்க. மாமனார் வண்டிங்கறதால உங்க தப்பைத் தேடினீங்க. கிடைச்சுது. அதோட தேடறதை நிறுத்திட்டீங்க. சரி, வண்டியை இங்க இழுத்துட்டு வந்தது யாரு?”

இழுத்துவந்தவர் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஜீப்போடு வாழ்ந்தார். ஜீப்புக்கும் அவருக்கும் ஒரே வயது இருக்கும், இரண்டும் இருமின.

“பாலத்துலேர்ந்து எத்தனை மணிக்கு இழுத்தீங்க?” என்று கேட்டான் கொழுந்தன்.

“எந்தப் பாலம்? மூடிக் கிடக்கே ஒரு சினிமா தியேட்டர், அதுக்குப் பின்னாடி இருந்துல்ல இழுத்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாரு. நானும் இதுவரைக்கும் மூச்சு விடல.”

“இப்ப சொல்லிட்டீங்களே?”

“யாரும் கேட்கலையேப்பா.”

தியேட்டருக்குப் பின்னால் புல் மண்டிய ஒரு மைதானம். அதில் வேன் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் வெளிறிப்போய் இருந்தது. நாலு மூலையிலும் டயர் அழுத்திய பள்ளங்கள், ஓரங்களில் புல் வளைந்து வளர்ந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கொழுந்தன் கேள்விப்பட்டிருக்கிறான். முழு வேனைத் தியேட்டருக்குப் பின்னால் மறைத்த ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

எதிரே ஒரு பேப்பர் கடை. கடைக்கார அம்மாவுக்கு அன்று வியாபாரம் இல்லை, பேச ஆளும் இல்லை. துப்பறிவாளர்களுக்குக் கடவுள் இப்படித்தான் படி அளக்கிறார்.

“அந்த வேன்காரரா? தங்கமான மனுஷன். காலையில ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோட நடந்து வருவாரு. வேன்ல ஏறி உட்காருவாரு. அஞ்சு மணிக்கு இறங்கி நடந்து போவாரு. ஆபீஸ் மாதிரி. ஞாயித்துக்கிழமை லீவு.”

“வேனை எடுக்கவே மாட்டாரா?”

“வந்த அன்னைக்கு ஓட்டிட்டு வந்ததுதான். அதுவும் நத்தை மாதிரி. அப்புறம் இருபது நாள் இங்கயே நின்னுச்சு.”

“சும்மாவே உட்கார்ந்திருப்பாரா?”

“மத்தியானம் இங்க வருவாரு. பாவம், ஒரே மறதி. தினமும் கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துடுவாரு. நான்தான் பேப்பர்ல ஒரு பக்கம் விடாம படிச்சுக் காட்டுவேன். வரி விளம்பரம்கூட விடமாட்டாரு.”

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். “வேற ஏதாவது படிக்கச் சொன்னாரா?”

“இல்லையே. முதல் நாள் கையில ஒரு பழுப்புக் கவர் வெச்சிருந்தாரு. கவர்மென்ட் சீல் போட்டது. அதையும் படிக்கச் சொல்லுவாருன்னு நானும் எதிர்பார்த்தேன். அதை மட்டும் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டாரு.”

நடந்து வரும்போது கொழுந்தன் தன் முடிவை அறிவித்தான். “சின்ன வீடு அண்ணி. சந்தேகமே இல்லை. வயசான காலத்துல மனுஷனுக்கு ஒரு தொடுப்பு. தினமும் வேலைக்குப் போறேன்னு பொண்ணுகிட்டப் பொய். அந்தக் கவர்ல இருக்கறது காதல் கடிதம்.”

“கவர்மென்ட் சீல் போட்டா?”

“பதிவுத் தபாலா இருக்கும்.”

“அவர் அந்த இருபது நாளும் வேனை விட்டு இறங்கினதே பேப்பர் கடைக்குத்தான்.”

“அப்போ வேன்தான் சின்ன வீடு. அளவும் சரியா இருக்கு.”

அண்ணி நின்று அவனைப் பார்த்தாள். “ஒரு ஆளு ஒரு நாள் கண்ணாடியை மறந்தா அது மறதி. இருபது நாளும் மறந்தா?”

“பெரிய மறதி.”

“எங்கத்தைக்கு ரெண்டு பிள்ளைங்க. மூளையைப் பங்கு போட்டப்போ நீ வெளியூர் போயிருந்தியா?” என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து மெக்கானிக்கின் மனைவிக்கு அடித்தாள். “வணக்கம்மா. உங்க வீட்டுக்காரர் அஞ்சு மணிக்குப் பட்டறையில தன் தப்பையெல்லாம் ஒண்ணு விடாம ஒத்துக்கப்போறாராம். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. கேட்டுட்டு அப்படியே பஸ்ஸுக்குப் போயிடலாம்.”

“எதுக்கு அண்ணி பொய்?”

“சமாதானம் பேச வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டா. புருஷன் தப்பை ஒத்துக்கப்போறான்னு சொன்னா வராத பொண்டாட்டி உண்டா?”

ஐந்து மணிக்குள் அண்ணி பட்டறையைத் தலைகீழாக மாற்றியிருந்தாள். மாமனாரின் என்ஜினை மூலைக்குத் தள்ளித் தார்ப்பாயால் மூடினார்கள். அதே மேசையில் வேறொரு என்ஜினைத் தூக்கிவைக்கச் சொன்னாள். வேறு யாருடையதோ, லேத்தில் போர் அடித்து அன்று மத்தியானம்தான் வந்திருந்தது. அதைத் தூக்க ஒரு ஆள் போதாது. கொழுந்தனின் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்ற மெக்கானிக் தன்னுடைய இன்னொரு நீல மேலங்கியைக் கொடுத்தார். தூக்கி முடித்தபோது இடுப்பு இரண்டாகிவிட்டதாகக் கொழுந்தன் டைரியில் எழுத விரும்பினான், குனிய முடியவில்லை.

அவர்கள் வந்தார்கள். மகள் தோளில் ஊருக்குப் போகும் பை. முகத்தில் மூன்று நாள் அழுது, நாலாம் நாள் நிறுத்திவிட்ட கடுமை. மாமனார் நல்ல உயரம், நேர்த்தியாகச் சீவிய தலை. தெரு வெளிச்சத்திலிருந்து தகரக் கூரைக்குள் வந்ததும் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மகளின் செருப்புச் சத்தத்தைப் பின்பற்றி நடந்து வந்தார்.

“சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க” என்றாள் மகள், புருஷனைப் பார்க்காமல். “எனக்குப் பஸ் இருக்கு.”

“ஒரே நிமிஷம்மா. எங்களுக்கு இந்த என்ஜின் சமாச்சாரமெல்லாம் புரியல. அப்பா முப்பத்தஞ்சு வருஷ அனுபவஸ்தர். ஐயா, நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க. தொடவேணாம், தடயம். அங்கேருந்தே பாருங்க. சிலிண்டர்ல கீறல் இருக்கா?”

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆமா. கீறியிருக்கு.”

“எதுலங்க?”

“எல்லாத்துலயும்தான்.”

மெக்கானிக் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். கொழுந்தன் அவர் காலை மிதித்தான்.

“நாலாவதுல எப்படி?” என்றாள் அண்ணி.

“நாலாவதுலதாம்மா ரொம்ப மோசம். சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.”

மகள் மேசையைப் பார்த்தாள். டிரைவர் வீட்டில் பிறந்து மெக்கானிக் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் விரல் காற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. மறுபடியும் எண்ணியது.

“அப்பா” என்றாள். குரலில் இருந்த கடுமை எங்கோ போய்விட்டது. “இது நம்ம என்ஜினே இல்லப்பா. இதுல மூணுதான் இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு.”

மாமனார் நிமிரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பழுப்புக் கவர்ல என்ன எழுதியிருந்துச்சுங்க?” என்று மெதுவாகக் கேட்டாள் அண்ணி.

“அதுல எழுதியிருக்கறதே என் கண்ணுக்குத் தெரியலையேம்மா” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். “லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். சுவத்துல இருக்கற எழுத்தைப் படிங்கன்னாங்க. எனக்குச் சுவரே ஒழுங்காத் தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை. இனிமே ஓட்டக்கூடாது, ஆபரேஷன் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. கண்ணுல கத்தி வெக்கறதாம்மா... நான் பயந்தாங்கொள்ளி.” மகள் நின்ற பக்கம் திரும்பினார். “உன்கிட்டச் சொன்னா சாவியைப் பிடுங்கிடுவே.”

“அதுக்கு?”

“மாப்பிள்ளை கொடுத்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திட்டு, தினமும் அதுல உட்கார்ந்துட்டு வந்தேன். போன வாரம் நீ பீரோ ஏத்தணும், வண்டியை எடுத்துட்டு வாங்கன்னே. போய்ச் சாவியைப் போட்டேன். சுத்தவே இல்ல. அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு. என்ஜின் போச்சுன்னு சொன்னேன். பாலம் மட்டும்தான் நானாச் சேர்த்தது.”

“அவர் மேல தப்புன்னு...”

“அதை நான் சொல்லலம்மா. நீ சொன்னே. நான் வாயை மூடிக்கிட்டேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள நீ மாற்றல் வாங்கிட்டே.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பது பழைய கணக்கு. ஒரே ஒரு பாலத்தைச் சேர்த்தால் நடந்த கல்யாணத்தையும் பிரித்துவிடலாம் என்று கொழுந்தன் மனதுக்குள் குறித்துக்கொண்டான். சொல்ல நல்ல வாக்கியம்தான். சொல்வதற்குள் மாமனார் நிமிர்ந்து, இரண்டு எட்டு வைத்து, நீல மேலங்கியை நோக்கி வந்தார். வந்து கொழுந்தனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிருங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. செய்யாத குத்தத்துக்குத் தலையைக் குனிஞ்சு நின்னீங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நான் மனுஷனே இல்ல.”

கொழுந்தன் ஆடிப்போனான். நாலடி தள்ளி, இன்னொரு நீல மேலங்கிக்குள் நிஜமான மாப்பிள்ளை நின்றார். கொழுந்தன் அவரைப் பார்த்தான். அவர் உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கிழவர் இன்னொரு தடவை கூச்சப்பட வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

கொழுந்தனின் நாக்கு நுனிக்கு ஏழெட்டு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் சிரிப்பு உத்தரவாதம் உள்ளவை. அத்தனையையும் விழுங்கிவிட்டு, தன் குரலை முடிந்தவரை மெல்லிசாக்கிக்கொண்டான்.

“விடுங்க மாமா. பெரியவங்க நீங்க இப்படியெல்லாம் பேசக்கூடாது.”

மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். தனக்கு வரவேண்டிய மன்னிப்பு அடுத்தவன் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் விரலோடு நிற்கும் புருஷனைப் பார்த்தாள். தோளிலிருந்த பையை இறக்கி, கிரீஸ் என்றும் பாராமல் தரையில் வைத்தாள். அப்பாவின் கைகளைக் கொழுந்தனின் கைகளிலிருந்து பிரித்து எடுத்தாள்.

“உங்க மாப்பிள்ளை இந்தப் பக்கம் நிக்கறாருப்பா” என்று சொல்லி, அந்தக் கைகளைக் கொண்டுபோய்ப் புருஷனின் கைகளில் வைத்தாள். தன் கையையும் எடுக்கவில்லை.

“ஏங்க” என்றாள் புருஷனிடம், குரல் உடைந்து. “செய்யாத தப்பை எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?”

“அது... கேஸ்கெட் பழசுதானே போட்டேன்.”

“வாயை மூடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணி கொழுந்தனின் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தாள். மேலங்கியைக் கழற்றித் தரவேண்டும் என்ற ஞாபகம்கூட அவனுக்கு இல்லை. தெருமுனை வரை அதோடேயே நடந்தான்.

“ஏன்டா, அந்த இடத்துல நீ ஒரு வார்த்தை நக்கலாப் பேசலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

கொழுந்தன் தன் கைகளைப் பார்த்தான். கிழவர் பிடித்த இடத்தில் இன்னும் சூடு இருந்தது.

“என்கிட்ட இதுவரைக்கும் யாருமே மன்னிப்பு கேட்டதில்ல அண்ணி. இன்னைக்குத்தான் முதல் தடவை வந்துச்சு. அடுத்தவங்க விலாசத்துக்கு வந்த தபால்தான். இருந்தாலும், உடனே திருப்பிக் கொடுக்க மனசு வரல.”